படத்தில் அம்மாவுக்கு முகம் இல்லை

சகோதரிகளே, கொரிய நாட்டு சீரியல் மோகம் நம் வீடுகளையும் பிடித்து ஆட்டுகிறது. அதில் பல கதைகள் முதலில் செல்போனில் படிக்கும் படக்கதையாக வந்தவைதான். 'வெப்டூன்' என்கிறார்கள்.

யூன் டே-ஹோ என்பவர் 2012-13ல் வரைந்த 'மிசெங்' அப்படி ஒன்று. 2014ல் டி.வி. தொடராகவும் வந்தது. அதில் சன் ஜி-யங் என்றொரு அதிகாரி. ஆபீசில் கெட்டிக்காரி என்று பெயர். சாயங்காலமானால் மகளைக் காப்பகத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று புருஷனோடு தகராறு. ஒருநாள் அந்தக் குழந்தை வரைந்த குடும்பப் படத்தைப் பார்க்கிறாள். அம்மாவுக்கு முகமே இல்லை! எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

வேலைக்குப் போகும் கொரிய அம்மாக்கள் 'இது என் கதை' என்று உருகிப் போனார்கள். உருகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கூடவே கோபமும் வந்தது. அந்த அப்பாவும்தானே லேட்டாக வருகிறார்? குற்ற உணர்ச்சி மட்டும் ஏன் பொம்பளைக்கு? அந்த நாட்டுச் சட்டத்தில் குழந்தை வளர்க்க அப்பாவுக்கும் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் லீவு உண்டு. சட்டம் கொடுத்து என்ன, கேட்டு வாங்க மனசு வேண்டாமா?

2017ல் சூ ஷின்ஜி என்ற பெண்மணி வரைந்த 'மியனுராகி' வந்த பிறகு வாசகர்கள் வேறு மாதிரி பேசினார்கள். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கதாநாயகி மின் சாரின் பேரிலேயே வந்த கதை அது. வேலைக்கும் போகிறாள், மாமியார் வீட்டுத் திவசத்துக்குச் சமைக்கவும் ஓடுகிறாள். (திவசச் சமையல் அங்கேயும் மருமகள் தலையில்தான்!) நிஜமாகவே அப்படி ஒருத்தி பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் அவளுக்கே பதில் எழுதினார்கள். தங்கள் வீட்டுக் கதையைக் கொட்டினார்கள். கூடவே, 'உன் புருஷன் என்ன செய்கிறான்?' என்று திட்டித் தீர்த்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

வீட்டில் இருக்கிற உனக்கென்ன தெரியும் என்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் 'நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?' என்று என்னைத்தான் கேட்கிறார்கள். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேள்வி ஒன்றுதான்.

அந்தப் படம் வரும் காட்சியை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பாவம், அந்தப் பொண்ணு" என்றார்.

"அந்த அப்பா?" என்றேன்.

"கிரிக்கெட் ஆரம்பிச்சிருக்கும், மாத்து" என்றார்.