'ரிஜிட்' என்னும் சொல்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு அலுவலகத்தில் கைகொடுப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. ஆகவே அம்மொழியின் பெயரடை ஒன்றை இன்று சற்றே நிறுத்துப் பார்ப்போம். 'ரிஜிட்' என்பது அது.

விறைத்திருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது இச்சொல். இறந்தோர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவதை மருத்துவர்கள் 'ரிகர் மார்ட்டிஸ்' என்பர். அதுவும் இவ்வேரினின்று எழுந்ததே. வளையாமை, நெகிழாமை என்பன இதன் அடிப்படைப் பொருள்.

பொருள்களைக் குறிக்குங்கால் இச்சொல்லில் பழியேதும் இல்லை. சிமெண்டுக் காங்கிரீட் சாலையைப் பொறியாளர்கள் 'ரிஜிட்' வகை என்றும், தார்ச்சாலையை நெகிழும் வகை என்றும் பிரிப்பர். மும்பைவாழ் அன்பர்கள் இரண்டையும் நாள்தோறும் மிதிக்கின்றனர். அரசியல் சாசனங்களையும் பிரைஸ் என்னும் அறிஞர் இவ்வாறே இரண்டாக வகுத்தார். அமெரிக்கச் சாசனம் திருத்துதற்கு அரியது. 1789 முதல் நடைமுறையில் உள்ள அதில் 27 திருத்தங்களே ஏறியுள்ளன. நம் நாட்டுச் சாசனமோ 1950 முதல் 2023 வரை 106 திருத்தங்களைக் கண்டுவிட்டது. அதன் சில விதிகளைத் திருத்த மாநிலங்களுள் பாதியேனும் இசைய வேண்டும்; மாநிலமொன்றின் பெயரை மாற்றவோ நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையே போதும். சென்னை மாநிலம் 1969இல் தமிழ்நாடு ஆனது அவ்வழியில்தான். ஆதலின் நம் சாசனத்தை முற்றிலும் 'ரிஜிட்' எனல் பொருந்தாது.

மனிதர்மேல் ஏற்றும்போதுதான் வில்லங்கம். 'கொள்கையில் உறுதியுடையவன்' என்று தம்மைப் பற்றிச் சொல்ல எண்ணி, வேலை விண்ணப்பத்தில் ஒருவர் 'ரிஜிட்' என்று எழுதிவிட்டால், படிக்கும் அதிகாரிக்கு அவர் பிறர் சொற்கேளாப் பிடிவாதக்காரர் என்றே படும், வேலையும் கைநழுவக்கூடும். அவ்விடத்துக்கு உரிய சொல் 'ஃபர்ம்'. கண்டிப்புக்கு உரியது 'ஸ்ட்ரிக்ட்'. காலந்தவறாமையை வற்புறுத்தும் ஆசிரியர் கண்டிப்பானவர். பெருமழையில் இரயில் நின்றதால் தாமதித்த மாணவனையும் வாயிலிலேயே நிறுத்திவைப்பவர்தான் 'ரிஜிட்'. அச்சத்தால் விறைத்து நின்றவனையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறிப்பர் என்பது உண்மையே. ஆயினும் அங்கே சுட்டப்படுவது உடலின் நிலை, மனத்தின் இயல்பன்று.

விதிகளைப் பற்றி எழுதும்போதும் இவ்வேறுபாடு நிற்கும். விடுப்பு விதிகள் 'ஸ்ட்ரிக்ட்' என்றால் அலுவலகத்தின் ஒழுங்கை ஒப்புக்கொண்டதாகும். 'ரிஜிட்' என்றால் அவற்றை வகுத்தவரையே குறைகூறியதாகும். பொங்கலுக்கு ஊர் செல்ல விடுப்பு வேண்டுவோர் முன்னதையே எழுதுக.