கேமரா பதிவை எடுப்பது எப்படி?

ஓர் ஊரில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம். அங்கே ஒரு நாள் 2,500 ரூபாய் காணாமல் போனது. சங்க அறையைக் கூட்டும் அம்மாவின் மேல் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள்.

"நான் எடுக்கவில்லை. கேமராவில் பாருங்கள்" என்றார் அவர்.

திரையில் நான்கு கட்டங்கள். மூன்றில் படம் தெரிந்தது. அறைக் கேமராவின் கட்டம் மட்டும் இருட்டாக இருந்தது.

"கேமரா கெட்டுவிட்டது. இனி என்ன செய்வது?" என்றார் செயலாளர்.

இருட்டானால் எல்லாம் போய்விட்டதா? இல்லை. கேமரா படம் பிடிக்கிறது. வயர் அதைக் கொண்டுபோகிறது. பதிவுப் பெட்டி அதைச் சேமிக்கிறது. வயர் அறுந்தால் அதற்குப் பிந்தைய படம்தான் வராது. முன்பு பதிந்தது பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும்.

ஆனால் தாமதிக்கக் கூடாது. டிஸ்க் நிறைந்ததும் பெட்டி பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும். ஆகவே முதலில் பதிவை எடுக்க வேண்டும். வயரைப் பிறகு பார்க்கலாம்.

தேதியைப் பாருங்கள்

பணம் போனது 12ஆம் தேதி. அந்தத் தேதியைத் தேடினார்கள். பதிவு இல்லை. அந்த அம்மா இரவு வகுப்பில் படித்தவர். திரையின் மூலையில் இருந்த எண்களை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஐயா, இன்று 14. இதில் 9 என்று இருக்கிறதே!"

பெட்டியின் கடிகாரம் 5 நாள் பின்தங்கி இருந்தது. 7ஆம் தேதியைத் தேடினார்கள். பதிவு கிடைத்தது!

தேதி தவறாக இருந்தால் உடனே மாற்றாதீர்கள். எத்தனை நாள் வித்தியாசம் என்று எழுதி வையுங்கள். பதிவை எடுத்த பிறகு திருத்துங்கள்.

பென் டிரைவில் எடுப்பது

பென் டிரைவைப் பெட்டி ஏற்கவில்லையா? பல பெட்டிகள் ஃபேட்32 என்ற முறையில் தயார்செய்த பென் டிரைவைத்தான் ஏற்கும். அப்படித் தயார்செய்தால் அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். வெற்று பென் டிரைவையே பயன்படுத்துங்கள்.

அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. நாள் முழுவதையும் எடுக்க வேண்டாம். தேவையான நேரத்தை மட்டும் எடுங்கள். முடியும் முன் பென் டிரைவை உருவாதீர்கள். பிறகு வேறொரு கணினியில் போட்டு, படம் ஓடுகிறதா என்று பாருங்கள்.

வழக்கு என்று வந்தால் நகல் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, நகலோடு சான்றிதழும் தர வேண்டும்.

இணைப்பைச் சரிசெய்வது

வயர் செருகும் இடத்தில் சிறு விளக்கு இருக்கும். அது எரியவில்லையா? வயரை எடுத்து மீண்டும் செருகுங்கள். எரியும் வேறொரு துளையில் மாற்றிப் பாருங்கள். எலி கடித்திருக்கிறதா என்று வயர் நெடுகப் பாருங்கள். ஒரே வயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

விளக்கு எரிந்தும் படம் விட்டுவிட்டு வருகிறதா? ஒவ்வொரு கேமராவுக்கும் ஐபி எண் உண்டு. அது வீட்டுக் கதவு எண் போன்றது. இரண்டு வீட்டுக்கு ஒரே எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான் இங்கும். ஒன்றின் எண்ணை மாற்ற வேண்டும்.

சங்கத்தில் 13ஆம் தேதி இரவு எலி வயரைக் கடித்திருந்தது. புது வயர் போட்டார்கள். படம் வந்தது.

பணம் என்ன ஆயிற்று? பதிவில் தெரிந்தது. செயலாளரே அதைப் பழைய கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து மூடியிருந்தார். மறந்துவிட்டார். பணம் அங்கேயே இருந்தது.

நிர்வாகக் குழுவின் முன்னால் செயலாளர் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் ஊரிலும் கேமரா இருக்கிறதா? வாரம் ஒரு முறை பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் படம் வருகிறதா? தேதி சரியா?