ஓடும் வீடும் வெளியடுப்பும்

நத்தை தன் வீட்டைத் தானே சுமந்து திரிவதைக் கண்டிருக்கிறோம். அமெரிக்க நாட்டில் மனிதரும் அவ்வாறு திரிகின்றனர். ‘மோட்டார்ஹோம்’ என்று அவர்கள் அழைக்கும் ஊர்தி, வெளித்தோற்றத்தில் ஒரு பேருந்து. உள்ளே சென்றாலோ ஒரு முழு வீடு. கட்டில் உண்டு, குளியலறை உண்டு, சமையலறை உண்டு. சமையல் அடுப்பு, வெந்நீர்க் கொதிகலம், குளிர் காயும் கருவி ஆகியவை பெரும்பாலும் புரோப்பேன் எனும் எரிவாயுவால் இயங்குவன. கோடை விடுமுறை தொடங்கியதும் குடும்பம் குடும்பமாக இவ்வூர்திகளில் ஏறி, எல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களின் முகாம் திடல்களை நோக்கிப் புறப்படுவர். மாலை மயங்கும் வேளையில் மடக்கு நாற்காலிகளை வெளியே விரித்துப்போட்டு, ‘கிரில்’ எனப்படும் கம்பி அடுப்பில் இறைச்சியை வாட்டிச் சேர்ந்து உண்பது அங்கே ஏறக்குறைய ஒரு குடும்பச் சடங்கு.

அந்த அடுப்புக்கு எரிவாயு எங்கிருந்து வருவது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சிறிய கிரில் அடுப்புகள் பெரும்பாலும் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் புரோப்பேன் கொள்ளும் குட்டிச் சிலிண்டருக்கென்றே செய்யப்படுகின்றன. தண்ணீர்க் கூஜா அளவேயுள்ள இச்சிலிண்டர், அடுப்பை முழு வீச்சில் எரித்தால் இரண்டு மணி நேரங்கூடத் தாங்காது. தீர்ந்தபின் தூக்கி எறிய வேண்டியதுதான். மீண்டும் நிரப்புவதற்காகச் செய்யப்பட்டதன்று. இப்படி எறியப்படும் சிலிண்டர்கள் குப்பை மேடுகளில் குவிவதைக் கண்ட கலிபோர்னியா மாநிலம், 2028 ஜனவரி முதல் நாளிலிருந்து அவற்றின் விற்பனையைத் தடை செய்யும் சட்டத்தை 2022-ஆம் ஆண்டில் இயற்றியது. ஆனால் ஊர்தியின் அடியிலோ எரிவாயு நிறைந்த பெரிய தொட்டி ஒன்று சட்டத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அந்தத் தொட்டியிலிருந்தே ஒரு ரப்பர் குழாயை இழுத்து அடுப்போடு இணைத்தால் என்ன என்று குடும்பத் தலைவருக்குத் தோன்றுவது இயல்பே.

பல ஊர்திகளின் பக்கவாட்டில் இதற்கெனவே ஒரு குழாய்முனை அமைந்திருக்கும். வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் குழாயைச் செருகினால் ‘கிளிக்’ என்று பற்றிக்கொள்ளும். அவரும் அதற்குரிய குழாயை வாங்கிப் பூட்டுகிறார். அடுப்பைப் பற்ற வைக்கிறார். தீ எரிகிறது, ஆனால் பீடத்து மெழுகுவத்தியின் சுடரைப் போல. அரை மணி நேரமாகியும் இறைச்சி வெளுத்தே கிடக்கிறது. குழந்தைகள் தட்டுகளோடு காத்திருக்கின்றனர். அடுப்பில் கோளாறா, குழாயில் அடைப்பா என்று அவர் தேடத் தொடங்குகிறார். கோளாறும் இல்லை, அடைப்பும் இல்லை.

இதனை விளங்கிக்கொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் சமையலறைச் சிலிண்டரையே பார்க்கலாம். அதன் தலையில் ரெகுலேட்டர் ஒன்று அமர்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் எரிவாயு திரவமாக அடைபட்டு, வெளியேறத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தோடு அது அடுப்புக்கு வருமானால் சமையலறை மிஞ்சாது. எனவே ரெகுலேட்டர் அதன் அழுத்தத்தைத் தணித்துச் சாதுவாக்கி அனுப்புகிறது. அடுப்பிலோ ரெகுலேட்டர் ஏதும் இல்லை. வெறும் திருகுகளும் பர்னர்களுமே உள்ளன. அடக்குகிற வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது அல்லவா?

மோட்டார்ஹோமிலும் இதே முறைதான். கடுங்கோடையில், 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில், புரோப்பேன் தொட்டியின் உள்ளழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 12 கிலோகிராம். தொட்டியை ஒட்டியுள்ள ரெகுலேட்டர் அதனைப் பதினொரு அங்குல நீர் அழுத்தத்துக்கு இறக்குகிறது. இருபத்தெட்டு சென்டிமீட்டர் உயரமுள்ள நீர், தனக்கு அடியில் தருகிற அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே. தொட்டியின் அழுத்தத்தில் நானூறில் ஒரு பங்குகூட இல்லை. ஊர்தியின் பக்கவாட்டு முனையில் கிடைப்பது இவ்வாறு அடங்கிவிட்ட வாயுதான்.

ஆனால் கடையில் வாங்கிய கிரில் அடுப்பு வேறு கணக்கில் செய்யப்பட்டது. குட்டிச் சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் தானே அடக்க வேண்டியிருப்பதால், அது தனக்கென ஒரு சிறு ரெகுலேட்டரைக் கொண்டிருக்கிறது. மிகுந்த அழுத்தத்தோடு பாயும் வாயுவுக்கென அமைந்த மிகச் சிறிய துளை அதனுள் உண்டு. ஏற்கெனவே தளர்ந்து வரும் வாயு அத்துளையில் போதிய அளவு நுழைய இயலாது. ஒருமுறை அடங்கியதை மறுமுறையும் அடக்கினால் எஞ்சுவது அந்த மெழுகுவத்திச் சுடர்தான்.

எனவே நினைவில் நிறுத்த வேண்டிய விதி ஒன்றே: தொட்டிக்கும் தீக்கும் இடையே ஒரே ஒரு ரெகுலேட்டர் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் உணவு வேகாது. ஒன்றுமே இல்லாவிட்டால் நேர்வதை எண்ணவும் அச்சமாக இருக்கிறது.

“அடுப்பிலுள்ள ரெகுலேட்டரைக் கழற்றி எறியுங்கள், தீ நன்றாக எரியும்” என்று அடுத்த ஊர்திக்காரர் ஆலோசனை கூறுவார். பக்கவாட்டு முனையோடு மட்டுமே இணைப்பதாயின் அவர் சொல்வது சரியே. எனினும் அதே ஆலோசனை, இடம் மாறினால் நஞ்சாகும். ரெகுலேட்டர் அகற்றப்பட்ட அடுப்பு அடுத்த கோடை வரை வீட்டு மூலையில் கிடக்கும். ஊர்தி இல்லாத ஒரு நாளில் மகனோ மருமகனோ அதனை எடுத்து, தக்க இணைப்பு ஒன்றைத் தேடிப்பிடித்துத் தனிச் சிலிண்டரோடு நேரே பூட்டுவார். திருகைத் திறந்த மாத்திரத்தில் தீ முழ உயரம் சீறி எழும். குனிந்திருப்பவரின் முகம் அதற்கு எதிரே இருக்கும். இதைத் தடுக்கவே, குறைந்த அழுத்த முனைகளும் மிகுந்த அழுத்த முனைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதபடி செய்யப்பட்டிருக்கின்றன. பொருந்தாமை ஒரு குறையன்று. அது ஒரு காவல். கடையில் கிடைக்கும் இடைத்துண்டுகளைக் கோத்து அக்காவலைத் தாண்டுவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

மேலும் சில அடுப்புகளில் ரெகுலேட்டரும் தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகும் ஒரே உறுப்பாக அமைந்துள்ளன. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் போய்விடும். பிறகு தனியாக ஒரு வால்வு பொருத்த வேண்டும். வேறு சிலவற்றில் பர்னருக்கு வாயு செல்லும் ‘ஜெட்’ என்ற பித்தளைத் துளையும் வேறோர் அழுத்தத்துக்கென அளந்து செய்யப்பட்டிருக்கும். ஆகவே என் கருத்து இது: பக்கவாட்டு முனை உள்ள ஊர்தியை வைத்திருப்பவர், ரெகுலேட்டரின்றி அம்முனைக்கென்றே செய்து விற்கப்படும் அடுப்பை வாங்குவதே நன்று. பழைய அடுப்பைப் பிரித்து மாற்றுவதால் மிச்சமாகும் பணம் பெரிதன்று.

ஏற்கெனவே நல்ல அடுப்பு இருக்கிறது, அதை விட மனமில்லை என்போருக்கு வேறொரு வழி உண்டு. தொட்டியின் வால்வுக்கும் ஊர்தியின் ரெகுலேட்டருக்கும் நடுவே, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவிலான பித்தளை இணைப்பு ஒன்றைப் பொருத்தலாம். அதன் கிளையிலிருந்து அடங்காத வாயு கிடைக்கும். அடுப்பு தன் சொந்த ரெகுலேட்டரால் அதனை அடக்கிக்கொள்ளும். அப்போதும் நடுவே உள்ளது ஒன்றுதான். ஆனால் அக்குழாய் முழு அழுத்தத்தையும் தாங்கும் குழாயாக இருத்தல் வேண்டும். இவ்வேலை எரிவாயுத் தொழில் பயின்றவர் கையால் நடக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஸ்பானரும் கையுமாக வீட்டுக்காரர் இறங்கும் வேலையன்று. இவ்விரண்டும் வேண்டாம் என்பவர், மீண்டும் மீண்டும் நிரப்பத்தக்க தனிச் சிலிண்டர் ஒன்றை எடுத்துச் சென்று அதற்குரிய குழாயால் அடுப்போடு இணைத்துக்கொள்ளலாம். இடத்தை அடைக்கும் என்பதொழிய வேறு குறை அதற்கில்லை.

கசிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாமல், தண்ணீரைப் போல் தாழ்ந்த இடம் தேடி ஓடித் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் கலந்திருந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். ஊர்திகளில் வாயு அறிவிப்பு மணியைத் தரையை ஒட்டி வைப்பதன் காரணம் இதுவே. வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நாம் உணரும் துர்நாற்றம், எச்சரிக்கைக்காக வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. அந்த நாற்றத்துக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். வாயுவுக்கு மணமில்லாததால் கசிவை எவரும் அறிந்திருக்கவில்லை. அதன் பின்னரே வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அம்மாநிலத்தில் வந்தது. எரிவாயு நாற்றத்தைக் கண்டு முகம் சுளிப்போர் அந்தப் பிள்ளைகளை ஒருகணம் நினைப்பாராக.

மூக்கை மட்டும் நம்புவதும் போதாது. முதுமையில் மோப்பம் மங்கும். குழாயைப் பூட்டியதும் சோப்பு நுரையை எல்லா இணைப்புகளிலும் பூசிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு. தீக்குச்சியைக் கிழித்துச் சோதிப்போர் இன்றும் இருக்கின்றனராம், என்னென்பது! அடுப்பை ஊர்தியின் சுவரை ஒட்டியோ துணிப்பந்தலின் அடியிலோ வைத்தல் ஆகாது. மழை வந்துவிட்டதென்று அதனை உள்ளே தூக்கிச் சென்று எரிப்பது அதனினும் கொடிது. அடைபட்ட இடத்தில் எரியும் தீ, மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடும்.

உணவு முடிந்தபின் முதலில் மூட வேண்டியது ஊர்திப்பக்க வால்வு. குழாயில் எஞ்சியிருக்கும் வாயு எரிந்து சுடர் தானே அணையட்டும். அதன் பிறகு அடுப்பின் திருகை மூடிக் குழாயைக் கழற்றி, இரு முனைகளுக்கும் மூடி போட்டு வைக்க வேண்டும். பர்னர் குழலையும் மூடி வைப்பது நல்லது. ஏனோ எட்டுக்கால் பூச்சிகளுக்கு அந்தக் குழல்மேல் தனிப் பிரியம். அடுத்த பயணத்தில் தீ மஞ்சளாகவும் சோம்பலாகவும் எரிந்தால், ரெகுலேட்டரைச் சந்தேகிக்குமுன் குழலுக்குள் வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.