உங்களுக்குத் தெரியுமா? கிராங்க்கைத் தேய்த்தால் ஸ்ட்ரோக் மாறுமா?

கிராங்க் ஷாஃப்ட்டை கிரைண்டிங் போட்டால் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குறையாது. மெயின் ஜர்னலின் மையத்துக்கும் கிராங்க் பின்னின் மையத்துக்கும் உள்ள தூரத்தைப் போல இரு மடங்குதான் ஸ்ட்ரோக். சுற்றிலும் சமமாகத் தேய்த்தால் பின் ஒல்லியாகும், மையம் நகராது.

★ 'பத்து சைஸ்' பேரிங் என்றால், ஜர்னலின் விட்டம் அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பத்து பங்கு, அதாவது 0.25 மி.மீ. குறைந்திருக்கிறது என்று பொருள். பேரிங் இரண்டு அரைவட்டத் துண்டு. ஒவ்வொன்றும் அதில் பாதி அளவு கூடுதல் தடிமனாக வந்து அந்த இடத்தை நிரப்புகிறது.

★ பின்னைத் தேய்க்கும்போது மெஷினில் கிராங்க்கை நடுவில் பிடிப்பதில்லை. பின் மட்டும் நின்ற இடத்தில் சுழல வேண்டும், மற்ற பாகமெல்லாம் அதைச் சுற்றி வீச வேண்டும். அப்படி ஓரம் தள்ளிக் கட்டுவார்கள். ஸ்ட்ரோக்கின் சூட்சுமம் முழுக்க இந்தக் கட்டுமானத்தில்தான். இதில் கை பிசகினால் சிலிண்டருக்கு சிலிண்டர் ஸ்ட்ரோக் வேறுபடும்.

★ வேண்டுமென்றே மையத்தை வெளிப்பக்கம் தள்ளித் தேய்த்தால் ஸ்ட்ரோக் கூடும். அமெரிக்காவின் செவர்லே 350 வி-8 எஞ்சினைப் பாருங்கள். ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், பின் 2.1 அங்குலம். பின்னை 2.0 ஆக்கும்போது மையம் 0.05 அங்குலம் நகரலாம்; ஸ்ட்ரோக் 3.58 ஆகிவிடும். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து சுமார் 165 சி.சி. லாபம்! 1968-க்கு முந்தைய 327 எஞ்சினின் பின் 2.0 அங்குலம்தான் என்பதால், அதன் கனெக்டிங் ராடும் பேரிங்கும் இதற்குப் பொருந்தும். ஆனால் பிஸ்டன் உச்சியில் 1.27 மி.மீ. கூடுதலாக ஏறும். அதற்கேற்ற பிஸ்டனோ ராடோ போடாமல் மூடக்கூடாது.

★ புகழ்பெற்ற '383' எஞ்சின் பிறந்தது மெயின் ஜர்னலைத் தேய்த்து. செவர்லே 400 எஞ்சினின் கிராங்க்குக்கு ஸ்ட்ரோக் 3.75 அங்குலம், மெயின் 2.65. அந்த மெயினை 2.45 ஆகக் குறைத்தால் 350 பிளாக்கில் உட்கார்ந்துவிடும். ஸ்ட்ரோக் அதே 3.75. போரை 4.03 அங்குலமாக்கினால் 383 கன அங்குலம்.

★ இப்படி ஸ்ட்ரோக்கைக் கூட்டுவதற்கு ஒரு விலை உண்டு. கிராங்க்கை முனையிலிருந்து பார்த்தால் மெயினும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். கிராங்க்கின் பலமே அந்தப் பகுதிதான். 350-இல் அது 13.6 மி.மீ. 383-க்குத் தேய்த்த கிராங்க்கில் 10.2 மி.மீ.தான்.

★ கிரைண்டிங் முடிந்த கிராங்க் கைக்கு வந்ததும் பின் ஓரங்களில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஜர்னலும் பக்கச் சுவரும் சேருமிடம் வழவழப்பான வளைவாக இருக்க வேண்டும். அங்கே கூர்மையான மூலை தட்டுப்பட்டால் எஞ்சினில் ஏற்றாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.