துடைப்பம் பிடிக்கும் கையும் உயிர் காக்கும் கைதான்

ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் நாற்று நடுவதும் வாழைத்தார் சுமப்பதும் நம் மக்களுக்குப் பழகிய வேலை. காலில் அரிவாள் பட்டாலும் ஒரு நாள் கூலி போய்விடுமே என்று பழைய துணியைக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறார்கள். புண் வீங்கினால் மருந்துக் கடையில் 'ரெண்டு மாத்திரை'. வலி குறைந்தால் அதோடு சரி. முற்றிய பிறகுதான் தூத்துக்குடிக்கோ பாளையங்கோட்டைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அங்கே சில நேரம் டாக்டர் சொல்லும் பதில்: "எந்த மருந்துக்கும் கேட்கவில்லை."

ஏன் கேட்கவில்லை? பாக்டீரியா என்னும் கிருமியைக் கொல்வது ஆன்டிபயாடிக் மருந்து. அதைத் தேவையில்லாமலும் அரைகுறையாகவும் சாப்பிட்டால் பலவீனமான கிருமிகள் சாகும். மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகும். வைரஸால் வரும் சளி, காய்ச்சலுக்கு இந்த மருந்தால் பயனே இல்லை.

இந்த ஆபத்தை உலகுக்கு உரக்கச் சொன்ன ஆய்வில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010-ல் 'லான்செட்' குழும இதழில் வெளியானது. என்.டி.எம்.-1 என்ற மரபணு உள்ள கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் காணப்பட்டன. கடைசி ஆயுதமாக டாக்டர்கள் வைத்திருக்கும் கார்பபெனம் மருந்தையே செயலிழக்கச் செய்வது இந்த மரபணு. ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கும் அது தாவும். மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019-ல் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது.

இத்தகைய கிருமிக்கு ஆஸ்பத்திரி வசதியான இடம். அறுவை செய்த புண், சிறுநீர்க் குழாய், செயற்கைச் சுவாசக் குழாய் வழியே அது உடம்புக்குள் நுழைகிறது. கழுவாத கை, துடைக்காத கட்டில், கழிப்பறை வழியே அடுத்த நோயாளிக்குப் போகிறது.

அந்தக் கட்டிலைத் துடைப்பவர் யார்? சீழ் பட்ட பஞ்சை அள்ளுபவர் யார்? பல இடங்களில் ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கும் தலித் பெண்கள். கிருமிக்குச் சாதி கிடையாது. ஆனால் கிருமி இருக்கும் வாளியை யார் தூக்குவது என்பதில் சாதி இருக்கிறது.

டாக்டர் எழுதும் மருந்து ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறது. இவர்கள் ஒழுங்காகத் துடைக்கும் தரை ஒரு வார்டையே காப்பாற்றுகிறது. அப்படியானால் இவர்களுக்கும் பயிற்சியும் கையுறையும் சோப்பும் உரிய சம்பளமும் வேண்டாமா? இது இரக்கம் பார்த்துக் கொடுக்கும் சலுகை அல்ல. மருத்துவக் கழிவைக் கையாளுபவர்களுக்குப் பயிற்சி, பாதுகாப்புக் கவசம், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒருமுறையாவது உடல் பரிசோதனை ஆகியவற்றை ஆஸ்பத்திரி நிர்வாகம் தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஒப்பந்ததாரரைக் கைகாட்டி நிர்வாகம் ஒதுங்க முடியாது.

மாணவர்களே, உங்கள் அம்மாவோ சித்தியோ ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தால் இன்றே கேளுங்கள்: "தடுப்பூசி போட்டாங்களா? கடைசியா எப்ப பரிசோதனை செஞ்சாங்க?" இல்லை என்றால் எழுத்தில் மனு கொடுக்க நீங்களே உதவுங்கள்.

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அதில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது. டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தவும் கூடாது. காசு இல்லை என்று மருந்துக் கடையோடு நின்றுவிட வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இலவசம். ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு காலை இழந்துவிடக் கூடாது.