டயட்டீஷியன் ஆகணுமா? காலேஜ் போர்டை மட்டும் பார்த்தால் போதாது!

“டாக்டர் சீட் கிடைக்கலை. நர்சிங் வேண்டாங்குது பொண்ணு. இந்த நியூட்ரிஷன் படிப்பு எப்படி சார்? வேலை கிடைக்குமா?”

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் சென்னைக் கல்லூரி ஆபீஸ் ஜன்னல்களில் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தப்பில்லை. நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை வியாதி என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணக்குச் சொன்னது. அத்தனை பேருக்கும் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஆள் வேண்டுமே!

ஆனால் அப்ளிகேஷன் வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. ஒரு காலேஜில் “மனையியல்”. இன்னொன்றில் “ஊட்டச்சத்து, உணவு சேவை மேலாண்மை, டயட்டடிக்ஸ்”. வேறொன்றில் “கிளினிகல் நியூட்ரிஷன்”. பக்கத்திலேயே “புட் டெக்னாலஜி”. எல்லாம் சாப்பாட்டுச் சமாச்சாரம்தானே என்று ஏதோ ஒன்றில் பணத்தைக் கட்டிவிட்டால், மூன்று வருஷம் கழித்துத்தான் குட்டு வெளிப்படும்.

புட் டெக்னாலஜி என்பது பிஸ்கட் கம்பெனி, பால் பண்ணை, மசாலா பாக்டரி பக்கம் போகிற படிப்பு. உணவைக் கெடாமல் பதப்படுத்துவது, பாக்கெட்டில் அடைப்பது, தரம் பார்ப்பது அதன் வேலை. நல்ல படிப்புதான். ஆனால் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போகும் வழி அதுவல்ல. பழைய மனையியலில் உணவோடு துணி, குழந்தை வளர்ப்பு, குடும்ப நிர்வாகம் எல்லாம் கலந்து வரும்.

இளநீர் சங்கதி

டயட்டீஷியன் வேலை என்றால் “எண்ணெயைக் குறைங்க, கீரை சாப்பிடுங்க” என்று சொல்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதைப் பாட்டியே சொல்லிவிடுவாள்!

சிறுநீரகம் கெட்டுப்போன நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர், அன்போடு இளநீர் வாங்கி வருகிறார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அந்த நோயாளிக்குக் காய்கறியைக்கூட நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கொடுக்கச் சொல்வார்கள். அதே ஆளுக்கு சர்க்கரையும் இருந்தால் கணக்கு இன்னும் சிக்கல். மூக்கு வழியே குழாய் போட்டவருக்கு எத்தனை மணிக்கு எத்தனை மில்லி கஞ்சி என்பதும் டயட்டீஷியன் போடும் கணக்குதான்.

இதற்கு உடலியலும் உயிர் வேதியியலும் தெரிய வேண்டும். “கெமிஸ்ட்ரின்னா எனக்கு அலர்ஜி, அதான் இதுக்கு வந்தேன்” என்று சேரும் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே விழி பிதுங்குகிறார்கள்.

தபாலில் கிடையாது

முக்கியமான விஷயம் ஒன்று. வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில், ஆன்-லைனில் இந்தப் படிப்பை முடித்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. கிளினிகல் நியூட்ரிஷன், டயட்டடிக்ஸ், உணவு-ஊட்டச்சத்து அறிவியல் போன்ற பாடங்களைத் தபால் வழியிலும் ஆன்-லைனிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு தடை போட்டுவிட்டது. 2025 ஜூலை - ஆகஸ்ட் அட்மிஷன் முதலே இந்தத் தடை. “சார், வீட்டிலிருந்தே டிகிரி” என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால் ஜாக்கிரதை.

தடைக்குக் காரணம் 2021-ல் வந்த மத்திய அரசுச் சட்டம். பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி மாதிரி ஊட்டச்சத்துத் துறையையும் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் அந்தச் சட்டம் சேர்த்துவிட்டது. இதற்கான மாதிரிப் பாடத்திட்டமும் 2025-ல் வெளியாகிவிட்டது. எனவே சேருகிற காலேஜில், “உங்க பாடத்திட்டம் புதுச் சட்டத்துக்கு ஒத்துப்போகுதா?” என்று ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்!

அதைவிடப் பெரிய கேள்வி, ஆஸ்பத்திரிப் பயிற்சி. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை வாரம், பொண்ணு வார்டுக்குப் போவாளா அல்லது கிச்சனில் சப்பாத்தி எண்ணிக்கொண்டு நிற்பாளா? இதைப் பிரின்சிபாலிடம் கேட்பதைவிட மூன்றாம் வருஷ மாணவியிடம் கேட்டால் உண்மை வரும்.

இன்னொன்றையும் பட்ஜெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். பி.எஸ்ஸி.யோடு கதை முடிவதில்லை. இந்திய டயட்டடிக் சங்கத்தின் “ஆர்.டி.” என்ற பதிவுத் தேர்வுக்கு எம்.எஸ்ஸி. அல்லது முதுகலை டிப்ளமோவும், ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தப் பதிவுக்கு மரியாதை உண்டு. ஆராய்ச்சியில் ஆசை உள்ளவர்களுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் எம்.எஸ்ஸி. இருக்கிறது. அந்த நிறுவனம் பிறந்தது நம்ம குன்னூரில்! 1918-ல் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன அறையில் ஆரம்பித்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போனது.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் ஹாஸ்டல், கேண்டீன் நிர்வாகம், அங்கன்வாடித் திட்டப் பதவிகள் என்று வேறு வழிகளும் உண்டு.

பையன்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். ராணி மேரி, எத்திராஜ், மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி என்று நகரில் மனையியலுக்கும் ஊட்டச்சத்துக்கும் பெயர் வாங்கிய இடங்கள் பெண்கள் கல்லூரிகள். அவர்கள் இருபாலரும் படிக்கும் கல்லூரிகளையும், மருத்துவமனையோடு சேர்ந்த பல்கலைக்கழகங்களையும் தேடிப் போக வேண்டும். அங்கே பீஸ் எவ்வளவு என்பதை முதல் செமஸ்டருக்கு மட்டும் கேட்காமல், கடைசி வருஷம் வரைக்கும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.