பழைய ஸ்கூட்டருக்கு வீட்டிலேயே வர்ணம்

பூனா நகரத்துப் பஜாஜ் நிறுவனம் 1972-இல் அறிமுகம் செய்த சேத்தக் ஸ்கூட்டர் பலர் வீட்டு முற்றத்தில் இன்னும் நிற்கிறது. அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஃகுத் தகட்டு உடலே வண்டியைத் தாங்குகிறது. ஆதலால் துருவை வெறும் அழகுக்கேடென நாம் அலட்சியம் செய்யலாகாது. தளத்தகடு அரித்தால் வண்டியின் வலுவே குன்றும்.

தெளிப்புக் கருவி இல்லாத நேயர்கள் சிறிய பஞ்சு உருளையைக் கொண்டே வர்ணம் பூசலாம். விரைவில் உலரும் பட்டறை வர்ணம் இதற்கு ஆகாது. உருளையின் சுவடு அதில் அப்படியே நின்றுவிடும். எனாமலோ காற்றின் பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுவது. அந்த அவகாசத்தில் சுவடுகள் தாமே பரந்து சமமாகின்றன.

துருவை உப்புத்தாளால் முற்றும் நீக்கி, முதலில் ரெட் ஆக்ஸைடு பூசுதல் வேண்டும். பின்னர், டர்ப்பன்டைன் கலந்து இளக்கிய எனாமலை மெல்லிய பூச்சுகளாக நான்கைந்து முறை பூசுக. ஒவ்வொரு பூச்சும் நன்கு உலர்ந்தபின், நீர் விட்டு நயமாகத் தேய்த்தே அடுத்ததைத் தொடங்குக. ஒரே நாளில் தடிப்பாகப் பூசி முடிப்போருக்கு நாம் கூறுவது வேண்டியதில்லை. வழிந்த வர்ணமே கூறிவிடும்!

பூனாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஈரக்காற்றில் பூச்சு உலரத் தாமதிக்கும், பளபளப்பும் மங்கும். தீபாவளி கழிந்தபின் தொடங்குதல் நன்று. நிறத்தை மாற்றுவோர் பதிவுச் சான்றிதழிலும் அதனைக் குறிப்பித்துக்கொள்ள வேண்டும்.